புழங்குபொருளிலிருந்து காட்சிப்பொருளுக்கு: சென்னை மேற்குப் புறநகர் இல்லங்களில் பழமையும் புதுமையும் மயங்கும் முறை

ஆய்வுச் சுருக்கம்

பழைய புழங்குபொருட்களைத் தற்கால ஓவியம், சிற்பம் ஆகியவற்றோடு ஒருங்கே வைத்து இல்லத்தை அணிசெய்யும் வழக்கம் சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய இடங்களில் பரவி வருகிறது. இவ்வழக்கத்தில் பொருள் காக்கப்படுகிறது. ஆனால் அப்பொருளின் பெயரும், அதனைச் சார்ந்த செயலும், அதன்மேல் பொறிக்கப்பட்ட எழுத்தும் இழக்கப்படுகின்றன. தொல்காப்பியம் கூறும் திணைமயக்கக் கருத்தை ஒப்புமையாகக் கொண்டு, எவை மயங்கலாம், எவை மயங்கலாகாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. புழங்குபொருளைக் காட்சிப்பொருளாக்குவோர் காக்க வேண்டியவை பெயர், மூலம், செயல் ஆகிய மூன்றும் என்பது இதன் முடிவாகும்.

கருச்சொற்கள்: புழங்குபொருள், காட்சிப்பொருள், திணைமயக்கம், பெயர்வெட்டு, மரக்கால், கொலு.

1. முன்னுரை

ஒரு வீட்டின் கூடத்தில் பித்தளை அண்டா ஒன்று குடைகளைத் தாங்கி நிற்கிறது. அதன் மேலே, சுவரில், வண்ணத் திட்டுகளால் ஆன அருவ ஓவியம் ஒன்று தொங்குகிறது. அம்மிக்கல்லின்மேல் மண்சட்டியில் செடி வளர்கிறது. பழைய நிலைக்கதவு ஒன்று கண்ணாடி பதிக்கப்பட்டு உணவு மேசையாகியிருக்கிறது. இத்தகைய காட்சிகளை இன்று மேற்குப் புறநகர்களின் அடுக்குமாடி இல்லங்களில் காணமுடிகிறது. இவற்றை வெறும் அலங்கார விருப்பம் என ஒதுக்குவது எளிது. ஆயினும், தமிழர்தம் புழங்குபொருள் பண்பாட்டை ஆராய்வோர்க்கு இவ்வில்லங்கள் ஒருவகைக் களங்களே. ஒரு பொருள் பயன்பாட்டிலிருந்து விலகிக் காட்சிக்கு வரும் அந்த இடைநிலையில் அதனோடு வருவது எது, வராமல் நின்றுவிடுவது எது என்பதை இங்குதான் நேரில் அறியமுடியும்.

நாட்டார் வழக்காற்றியலில் புழங்குபொருட்கள் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் சிற்றூர்களை மையமிட்டே அமைகின்றன. நகர்ப்புற இல்லத்திற்குள் வந்து சேர்ந்த அதே பொருட்களின் பிற்கால வாழ்வு போதிய கவனம் பெறவில்லை எனலாம். அக்குறையைச் சிறிதளவேனும் நிறைவு செய்ய இக்கட்டுரை முயல்கிறது. ஆய்வாளர் பிறந்து வளர்ந்த அம்பத்தூர் இல்லத்துப் பொருட்களும் இதில் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. ஒரு குடும்பத்தின் பட்டறிவு பொதுவிதியாகாது என்பதை ஆய்வாளர் அறிவார். எனவே அது விளக்கத்திற்கான எடுத்துக்காட்டாக மட்டுமே இங்கு அமைகிறது.

2. சொற்களும் வரையறைகளும்

பழமைசார்ந்த பொருட்களைக் குறிக்க வழங்கும் சொற்களை வேறுபடுத்திக்கொள்வது முதற்கண் தேவையாகிறது. இந்திய அரசின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம், 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. குறைந்தது 100 ஆண்டுப் பழமையுடைய சிற்பம், ஓவியம், நாணயம், கைவினைப் பொருள் முதலியவற்றை இச்சட்டம் தொல்பொருள் என வரையறுக்கிறது. அறிவியல், வரலாறு, இலக்கியம், அழகியல் ஆகிய துறைகளில் மதிப்புடைய சுவடிகளுக்கு 75 ஆண்டுகளே போதுமானவை. இவ்வரையறைக்கு உட்படாத, ஆனால் இரண்டு மூன்று தலைமுறை கடந்த வானொலிப் பெட்டி, எனாமல் தட்டு, அரிக்கேன் விளக்கு, மரநாற்காலி போன்றவற்றைப் பழம்பொருள் எனலாம். இவ்விரண்டும் காலத்தை அளவுகோலாகக் கொண்டவை.

புழங்குபொருள் என்னும் சொல்லோ காலத்தைக் கருதுவதில்லை, கையையே கருதுகிறது. மனிதர் எடுத்தாண்ட பொருள் எதுவும் புழங்குபொருளே. நேற்று வாங்கிய முறமும் புழங்குபொருள். நூறாண்டு கடந்த உரலும் புழங்குபொருள். ஒரு பொருள் கையிலிருந்து விலகிக் கண்ணுக்கு மட்டும் உரியதாகும்போது அது காட்சிப்பொருள் ஆகிறது. ஆகவே, பழமையை மட்டும் வைத்து ஒரு பொருளின் மதிப்பை அளப்பது தமிழ் மரபில் முழுமையான அளவீடு ஆகாது. அப்பொருள் எதற்குப் புழங்கியது என்பதும் மதிப்பின் பகுதியேயாகும்.

3. மயக்கம்: தொல்காப்பியம் தரும் நோக்கு

வேறுபட்ட நிலங்களுக்கும் காலங்களுக்கும் உரிய பொருட்களை ஓரிடத்தில் சேர்த்து வைத்தலை எந்தக் கருத்தால் விளக்கலாம் என்னும் வினாவிற்குத் தொல்காப்பியப் பொருளதிகாரம் துணைசெய்கிறது. அகத்திணையியல் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றைப் பகுத்துரைக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகியனவும் அவற்றின் நிமித்தங்களும் உரிப்பொருள். திணைகள் மயங்குதல் விலக்கப்பட்டதன்று எனக் கூறும் தொல்காப்பியர், உரிப்பொருள் அல்லாதவை மயங்கவும் பெறும் என்கிறார். இந்நூற்பாக்களின் பொருள் குறித்து உரையாசிரியரிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. எனினும், மயக்கத்திற்கு இடம் உண்டு, அதற்கு ஓர் எல்லையும் உண்டு என்னும் அடிப்படை தெளிவானது.

செய்யுளுக்கு உரைக்கப்பட்ட இவ்விதியை வீட்டுக் கூடத்திற்கு நேரே பொருத்துதல் முறையாகாது. ஒப்புமையாகக் கொள்ளுதல் தகும். நெல் அளந்த மரக்கால் மருதநிலத்துக் கருப்பொருள்களோடு உறவுடையது. அது அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காம் தளத்தில் அருவ ஓவியத்தின்கீழ் வைக்கப்படும்போது நிலமும் காலமும் மயங்குகின்றன. அம்மயக்கத்தில் குற்றமில்லை. ஆனால், அளத்தல் என்னும் செயலும், அளப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையே நிலவிய உறவும் முற்றிலும் மறைந்துவிடுமாயின், எஞ்சுவது உலோகத்தின் வடிவம் மட்டுமே. புழங்குபொருளுக்கு அதன் செயலே உரிப்பொருள் எனக் கொண்டால், மயங்கக்கூடாதது எதுவென்பது விளங்கும்.

4. இலக்கிய, வரலாற்று முன்மாதிரிகள்

வேற்று நாட்டுப் பொருளையும் உள்நாட்டுப் பொருளையும் ஓர் இல்லத்துள் சேர்த்துக் காட்டும் சிறந்த சங்கச் சான்று நெடுநல்வாடை ஆகும். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய இப்பாட்டில், பாண்டிய அரண்மனையின் அந்தப்புரத்தில் யவனர் செய்த பாவைவிளக்கு எரிகிறது. அங்கேயே நாற்பது ஆண்டு நிரம்பிய யானையின் தந்தத்தால் உள்நாட்டுத் தச்சர் செய்த பாண்டில் என்னும் வட்டக்கட்டில் இருக்கிறது. கட்டிலின் மேல்விதானத்தில் விண்மீன் மண்டிலமும், திங்களைப் பிரியாத உரோகிணியும் தீட்டப்பட்டுள்ளன. அதே பாட்டின் முற்பகுதியில், ஊர்ப் பெண்டிர் இரும்பு விளக்கில் திரி கொளுத்தி நெல்லும் மலரும் தூவி மாலைப்பொழுதைத் தொழுகின்றனர்.

இங்கு இருப்பது பழமையும் புதுமையும் கலந்த கலவை அன்று. அயலும் அகமும் கலந்த கலவையாகும். எனினும் நம் பொருளுக்கு இன்றியமையாத ஒரு செய்தி இதில் உண்டு. பாட்டில் எப்பொருளும் செயலின்றிச் சுட்டப்படவில்லை. யவன விளக்கில் நெய் வார்க்கப்படுகிறது, திரி தூண்டப்படுகிறது. விதானத்து ஓவியத்தைக் கணவனைப் பிரிந்த அரசி நோக்கிப் பெருமூச்செறிகிறாள். அந்தப்புரத்தின் அணிகலனாக இருந்த ஓவியம் அப்பார்வையால் பிரிவென்னும் உரிப்பொருளுக்கு வாயிலாகிறது. கலைப்பொருள் இல்லத்திற்குள் வாழ்வதன் இலக்கணத்தை இக்காட்சி உணர்த்துகிறது.

பிற்காலத்தில் இத்தகைய சேர்க்கைக்குச் செட்டிநாட்டு வீடுகள் சான்றாகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கட்டப்பட்ட இவ்வீடுகளில் பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியக் கண்ணாடி, ஆத்தங்குடித் தரைக்கல் ஆகியன ஒருங்கே அமைந்தன. ஐரோப்பிய எனாமல் பாத்திரங்களும், தஞ்சாவூர் ஓவியங்களும், இரவிவர்மா படங்களின் அச்சுப்படிகளும் அருகருகே இடம்பெற்றன. 1894இல் தொடங்கிய இரவிவர்மாவின் அச்சகம் வெளியிட்ட வண்ணப்படங்கள் அன்று புத்தம்புதிய கலை. இன்று அவை பழம்பொருள் சேகரிப்போர் நாடும் பொருள். இன்றைய பழமை நேற்றைய புதுமையே என்பதை இது காட்டுகிறது. செட்டிநாட்டு வீட்டில் இப்பொருட்கள் சடங்கு, விருந்து, சீர்வரிசை என்னும் செயல்களால் பிணைக்கப்பட்டிருந்தன என்பதும் கருதத்தக்கது.

5. கொலு: ஆண்டுதோறும் நிகழும் மயக்கம்

பழையதையும் புதியதையும் ஓரிடத்தில் அடுக்கும் இல்லமரபு ஒன்று தமிழகத்தில் தொடர்ந்து வழங்கி வருகிறது. அது நவராத்திரிக் கொலு. எல்லாச் சமூகத்தாருக்கும் உரிய வழக்கமாக அது இருந்ததில்லை எனினும், அதன் அமைப்புமுறை நம் ஆய்வுக்கு உதவுகிறது. ஒற்றைப்படை எண்ணிக்கையிலான படிகளில் மரப்பாச்சியே முதலில் எழுந்தருளுகிறது. திருமணத்தின்போது தாய்வீட்டிலிருந்து வந்த அம்மரப்பாச்சியே பெரும்பாலும் அவ்வீட்டின் மூத்த பொம்மை. அதைத் தொடர்ந்து மண்பொம்மைகளும், காகிதக்கூழ் பொம்மைகளும், அவ்வாண்டு வாங்கிய புதிய பொம்மையும் இடம்பெறுகின்றன. ஆண்டுதோறும் ஒரு புதிய பொம்மையேனும் சேர்க்கவேண்டும் என்பது வழக்கம்.

கொலுவில் பழமையும் புதுமையும் முரண்படாமைக்குக் காரணம் மூன்று. முதலாவது, ஒவ்வொரு பொம்மையும் ஆண்டிற்கு ஒருமுறை கையால் எடுக்கப்பட்டுத் துடைக்கப்படுகிறது. இரண்டாவது, காண வருவோரிடம் அது யார் தந்தது, எப்போது வாங்கியது என்பது சொல்லப்படுகிறது. மூன்றாவது, மரப்பாச்சிக்கு ஆண்டுதோறும் புதிய உடை உடுத்தப்படுகிறது. அதாவது அது இன்றும் புழங்குகிறது. எடுத்தல், சொல்லுதல், உடுத்துதல் என்னும் இம்மூன்று செயல்களால் காட்சிப்பொருள் புழங்குபொருளாகவே நீடிக்கிறது.

6. மேற்குப் புறநகர்: களத்தின் இயல்பு

சென்னையின் மேற்குப் புறநகர் பழமையும் தொழில்வளர்ச்சியும் நெருங்கி நிற்கும் நிலப்பகுதி. பூவிருந்தவல்லி, திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊராகப் போற்றப்படுவது. திருமுல்லைவாயில் தேவாரப் பாடல்பெற்ற தலம். மறுபுறம், 1949இல் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை தொடங்கியது. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை அமைந்தது. ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை எழுந்தது. தொழிற்சாலைகளை நாடி வந்தோர் தம் ஊர்களிலிருந்து உரலையும் அண்டாவையும் கொண்டுவந்து, சிறு மனைகளில் ஓட்டுவீடுகளைக் கட்டி வாழ்ந்தனர். 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2019இல் ஆவடி தனி மாநகராட்சியாயிற்று. ஓட்டுவீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழும் இக்காலத்தில், அவ்வீடுகளின் பொருட்கள் மூன்று வழிகளில் பிரிகின்றன. கனமானவை இடிபாட்டோடு போகின்றன. உலோகத்தாலானவை எடைக்குப் போகின்றன. எஞ்சிய சில புதிய கூடத்தில் காட்சிக்கு வைக்கப்படுகின்றன.

எடைக்குப் போகும் வழியில் நிற்பது, சென்னை வழக்கில் காயலான் கடை எனப்படும் பழைய இரும்புக்கடை. அங்கு அண்டாவும் தூக்கும் கூஜாவும் பெயரிழந்து பித்தளை என்னும் ஒரே பெயரைப் பெறுகின்றன. எவர்சில்வர் பரவியபின் பழைய பித்தளையைக் கொடுத்துப் புதிய பாத்திரம் பெறுவது குடும்பங்களின் இயல்பான வழக்காயிற்று. அதனோடு, தெருத்தெருவாய் வந்து ஈயம் பூசிய தொழிலாளரின் குரலும் மறைந்தது.

பழம்பொருளை வேறிடத்தில் வைத்தல் இந்நிலப்பகுதிக்குப் புதிதன்று. திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலில் இரண்டு எருக்கந்தூண்கள் உள்ளன. தொண்டைமான் குறும்பரை வென்று அவர்தம் கோட்டையிலிருந்து கொணர்ந்து இங்கு நாட்டியவை அவை என்பது தலமரபு. இம்மரபின் வரலாற்று உண்மை தனி ஆய்வுக்குரியது. நமக்குக் கருத்தூன்றத்தக்கது வேறொன்று. இடம்பெயர்ந்த தூண்கள் தம் கதையோடு இடம்பெயர்ந்தன. இன்றும் கோயிலுக்கு வருவோர்க்கு அவை எங்கிருந்து வந்தவை என்பது சொல்லப்படுகிறது. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளிலிருந்து இன்று சென்னை இல்லங்களுக்கு வந்துசேரும் தேக்குத்தூண்களோடு அவை நின்ற வீட்டின் பெயர் வருவது அரிது.

7. ஒரு மரக்காலின் கதை

ஆய்வாளரின் பாட்டனார் கட்டிய அம்பத்தூர் ஓட்டுவீடு சில ஆண்டுகளுக்கு முன் இடிக்கப்பட்டது. ஆட்டுக்கல் இடிபாட்டோடு போயிற்று. பித்தளைப் பூண் இட்ட மரக்கால் ஒன்று மட்டும் புதிய வீட்டிற்கு வந்தது. கோட்டோவியம் ஒன்றின் அச்சுப்படி தொங்கும் சுவரின்கீழ், சிறு முக்காலியின்மேல் அது கவிழ்த்து வைக்கப்பட்டது. காண்போர் அதன் வடிவழகைப் பாராட்டினர். ஒருநாள் உறவினர் வீட்டுச் சிறுவன் ஒருவன் அதைத் தட்டிப்பார்த்து, இது என்ன மேளம் என்று கேட்டான். கூடத்தில் இருந்த ஐவருள் மரக்கால் என்னும் பெயரைச் சொல்லத் தெரிந்தவர் பாட்டி ஒருவரே.

பாட்டி அதை நிமிர்த்தச் சொன்னார். அரிசியைக் கொட்டி அளந்து காட்டினார். முதல் அளவையை ஒன்று என்று எண்ணாமல் லாபம் என்று தொடங்கி, இரண்டு, மூன்று எனத் தொடர்ந்தார். தலைதட்டி அளத்தலுக்கும் குவித்து அளத்தலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கையால் விளக்கினார். கூலியாளுக்கு அளக்கும்போது தலைதட்டுவது பாவம் என்றார். அச்சிறு நேரத்தில் மரக்கால் காட்சிப்பொருளாக இருக்கவில்லை. ஓர் அளவை முறை, ஒரு மங்கலச்சொல், ஓர் அறம் ஆகிய மூன்றும் அதனுள்ளிருந்து வெளிப்பட்டன. பாட்டி மறைந்தபின் மரக்கால் அதே முக்காலியில் இருக்கிறது, ஆனால் நிமிர்ந்திருக்கிறது. ஓராண்டுக்கு ஒருமுறை, பொங்கலன்று, புத்தரிசி அதில் அளக்கப்படுகிறது.

இந்நிகழ்ச்சியின் பின்புலம் பரந்தது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்னும் வாய்பாடு தலைமுறைகளாக மனப்பாடமாக வழங்கியது. வட்டாரத்திற்கு வட்டாரம் படியின் அளவு வேறுபட்டதும் உண்டு. 1956ஆம் ஆண்டு எடை, அளவைத் தரச்சட்டத்தைத் தொடர்ந்து மெட்ரிக் முறை படிப்படியாக நிலைபெற்றது. வணிகத்தில் மரக்காலும் படியும் சட்டத்தின் துணையை இழந்தன. எழுதுகோல் தாங்கியாகவும் பூச்சாடியாகவும் இன்று படி நிற்பதற்குப் பின்னால் இவ்வரலாறு உள்ளது.

8. பெயரிழப்பும் மொழியிழப்பும்

பொருள் வழக்கிழந்தால் சொல் வழக்கிழக்கும் என்பது மொழியியலார் அறிந்ததே. காட்சிப்பொருளாகும் புழங்குபொருளில் நிகழ்வது இதினும் நுட்பமானது. பொருள் கண்முன்னே இருக்கிறது, சொல் இல்லை. உரல், திருகை, ஆட்டுக்கல், அம்மி ஆகிய நான்கும் கல்லால் ஆனவை. ஆயினும் குற்றுதல், திரித்தல், ஆட்டுதல், அரைத்தல் என்னும் நான்கு வேறு வினைகளுக்கு உரியவை. இவையனைத்தையும் பழைய கல் என்னும் ஒரே தொடரால் சுட்டும் இல்லத்தில் நான்கு பெயர்ச்சொற்களோடு நான்கு வினைகளின் வேறுபாடும் மங்குகிறது.

பழமொழிகளும் இவ்வாறே. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பதன் ஆற்றல் அம்மியின் கனத்தை அறிந்தவர்க்கே விளங்கும். உலக்கை தேய்ந்து உளிப்பிடி ஆயிற்று என்பதில் தேய்மானத்தின் இரக்கமும் மறுபயன்பாட்டின் சிக்கனமும் உள்ளன. இலக்கிய வகைமைகளும் இதற்கு விலக்கல்ல. சிலப்பதிகார வாழ்த்துக்காதையில் இடம்பெறும் வள்ளைப்பாட்டு, உலக்கையால் குற்றும் மகளிரின் செயலிலிருந்து பிறந்த வகைமை. உலக்கையின் எடையும் ஏற்ற இறக்கமும் அதன் தாளத்திற்கு அடிப்படை. உரலைச் செயற்கை நீரூற்றாக மட்டும் அறியும் மாணவருக்கு வள்ளைப்பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு இங்குத் தொடங்குகிறது.

எழுத்திழப்பு இதனினும் அவசரமானது. தமிழ்க் குடும்பங்களில் பாத்திரங்களின்மேல் பெயர் வெட்டும் வழக்கம் பரவலாக உண்டு. சீர்வரிசைப் பாத்திரங்களில் பெண்ணின் பெயரும், தந்தையின் முதலெழுத்தும், சிலவற்றில் திருமண நாளும் புள்ளி எழுத்துகளாகவோ கோட்டெழுத்துகளாகவோ பொறிக்கப்பட்டன. இவற்றை இல்லக் கல்வெட்டுகள் எனலாம். சொத்துப் பத்திரங்களில் இடம்பெறாத பெண்களின் பெயர்கள் அண்டாவின் கழுத்தில் இருக்கின்றன. எழுத்துச்சீர்திருத்தத்திற்கு முற்பட்ட எழுத்துவடிவங்களும், கிரந்த எழுத்துகளின் ஆட்சியும், பேச்சுவழக்குப் பெயர்வடிவங்களும் இவற்றில் காணக்கிடைக்கின்றன. காட்சிக்கு வைப்போர் பொருளைப் புதிதுபோல் மின்னச் செய்ய இயந்திரத்தால் மெருகேற்றும்போது முதலில் அழிவது இவ்வெழுத்தே. மெருகு கூடக்கூடச் சான்று குறைகிறது.

9. தற்காலக் கலையின் பங்கு

இத்தகைய சேர்க்கையில் தற்காலக் கலை வெறும் பின்புலம் அன்று. சென்னைக் கலை இயக்கத்தின் வரலாறே மரபுப்பொருளோடு நிகழ்ந்த உரையாடலாகும். சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1960களில் தொடங்கிய சொற்களும் குறியீடுகளும் என்னும் ஓவிய வரிசையில், சாதகக் கட்டங்களையும் சுவடியெழுத்துகளையும் நினைவூட்டும் வடிவங்கள் நிறைந்துள்ளன. பி.வி. ஜானகிராம் உலோகத்தகட்டை அடித்து வடித்த சிற்பங்கள், கோயில் திருமேனிகளுக்குச் சாத்தும் கவசத்தின் தொழில்நுட்பத்தோடு உறவுடையவை. 1966இல் நிறுவப்பட்ட சோழமண்டலக் கலைஞர் கிராமத்தின் ஓவியர்களும் சிற்பிகளும் கைவினைப் பொருட்களைச் செய்து விற்று அவ்வருவாயால் தம் கலைவாழ்வைத் தாங்கினர். கலைக்கும் கைவினைக்கும் இடையே அவர்கள் மதில் எழுப்பவில்லை.

ஆகவே, அடித்து உருவாக்கிய செப்புக்குடத்தையும் உலோகத்தகட்டுச் சிற்பத்தையும் அருகருகே வைத்தல் தற்செயலான அலங்காரமாக அமையவேண்டியதில்லை. இரண்டிலும் சுத்தியலின் தழும்பு உண்டு. சுவடியும் எழுத்தாணியும் இருக்கும் மாடத்தின்மேல் எழுத்துருக்களால் ஆன ஓவியம் ஒன்று அமைந்தால், காண்பவர் ஒன்றைக் கொண்டு மற்றொன்றைப் படிக்கமுடியும். மயக்கத்தின் சிறப்பு இதுவே: புதிய கலை பழைய பொருளுக்கு உரையாகிறது, பழைய பொருள் புதிய கலைக்கு மூலமாகிறது. நிறப்பொருத்தம் மட்டும் கருதி இணைக்கப்படும் பொருட்களிடையே இத்தகைய உரையாடல் எழுவதில்லை.

10. மூலமும் சட்டமும்

பழம்பொருளை விலைகொடுத்து வாங்குவோர் அதன் மூலத்தை அறிதல் அறத்தின்பாற்பட்டது மட்டுமன்று, சட்டத்தின்பாற்பட்டதும் ஆகும். 1972ஆம் ஆண்டுச் சட்டம் தொல்பொருட்களைத் தனியார் வெளிநாட்டிற்கு ஏற்றுமதி செய்வதைத் தடுக்கிறது. அரசு அறிவித்த வகைகளைச் சார்ந்தவற்றைப் பதிவுசெய்யப் பணிக்கிறது. உரிமமின்றித் தொல்பொருள் வணிகம் செய்வதை விலக்குகிறது. நிலத்தில் கண்டெடுக்கப்படும் புதையலுக்கு 1878ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. கோயிற்சிலைகளின் களவைப் புலனாய்வு செய்யத் தமிழ்நாடு காவல்துறையில் 1983 முதல் தனிப்பிரிவு இயங்குகிறது. கூடத்து அழகிற்காக வாங்கப்படும் கல் உருவமோ செப்புத்திருமேனியோ எவ்வூர்க் கோயிலின் இழப்பு என்பதை வாங்குவோர் வினவவேண்டும். விடை கிடைக்காத பொருளை வாங்காமையே முறை.

மூலம் காக்கும் இடப்பெயர்வுக்கு நல்ல எடுத்துக்காட்டு, முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா. இடிபட இருந்த மரபு வீடுகள் பிரித்தெடுக்கப்பட்டு அங்கு மீண்டும் எழுப்பப்பட்டன. எவ்வட்டாரத்து வீடு, எத்தொழிலார் வாழ்ந்த வீடு என்னும் செய்திகளும் உடன் வைக்கப்பட்டன. அருங்காட்சியகத்தால் இயலும் இம்முறை இல்லத்தாலும் சிறிய அளவில் இயலும்.

11. இல்லத்திற்கான நெறிகள்

மேற்கண்டவற்றிலிருந்து சில நெறிகளை வகுக்கலாம். முதலாவது பெயர்: வீட்டில் உள்ள ஒவ்வொரு பழம்பொருளுக்கும் அக்குடும்பத்தில் வழங்கிய பெயர், வட்டாரப் பெயர் ஆகியவற்றை முதியோரிடம் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தல் வேண்டும். இரண்டாவது மூலம்: எவர் புழங்கியது, எவ்வூரிலிருந்து வந்தது, எங்கு வாங்கியது என்பதையும், பெயர்வெட்டு இருப்பின் அதன் நிழற்படத்தையும் உடன் சேர்த்தல் வேண்டும். மூன்றாவது செயல்: ஆண்டிற்கு ஒருமுறையேனும் அப்பொருளை அதன் பழைய வினைக்கு உட்படுத்துதல் வேண்டும். குத்துவிளக்கு எரியட்டும், பல்லாங்குழியில் சோழி விழட்டும்.

நான்காவது மீட்கத்தக்க மாற்றம்: மரக்காலைத் துளையிட்டு விளக்குக்கூடு ஆக்கினால் அது மீண்டும் மரக்கால் ஆகாது. துளையிடாமல், அறுக்காமல், வண்ணம் பூசாமல் செய்யும் மாற்றமே ஏற்கத்தக்கது. பழைய பித்தளையின் கருமை முற்றிலும் நீக்கப்படவேண்டியதன்று. புளியும் சாம்பலும் இட்டுக் கையால் துலக்குவதை எழுத்து தாங்கும். மெருகேற்றும் சக்கரத்தைத் தாங்காது. தாளில் வரைந்த ஓவியங்களை நேர் வெயில் படாமலும், கடற்கரை நகரின் ஈரம் ஏறிய சுவரை ஒட்டாமலும் மாட்டுதல் நன்று. பழைய மரப்பொருளைக் கரையான் உள்ளதா என ஆராய்ந்தபின்னரே ஓவியத்தின் அருகில் வைக்கவேண்டும்.

தமிழ்த்துறைகளுக்கும் இதில் கடமை உண்டு. மாணவர் தத்தம் இல்லத்துப் புழங்குபொருட்களின் பெயர்களையும் பெயர்வெட்டுகளையும் தொகுப்பதை இளநிலை, முதுநிலைக் களப்பணியின் பகுதியாக்கலாம். இதற்கு நெடும்பயணமோ பெருஞ்செலவோ வேண்டா; வீட்டில் மூத்தவர் ஒருவர் உயிரோடிருத்தல் வேண்டும். அதுவே இத்தொகுப்பைத் தள்ளிப்போட இயலாததாக ஆக்குகிறது.

12. முடிவுரை

பழம்பொருளும் தற்காலக் கலையும் ஓர் இல்லத்தில் மயங்குதல் தமிழ் மரபுக்கு அயலானதன்று என்பதை நெடுநல்வாடை, செட்டிநாட்டு வீடு, கொலு, திருமுல்லைவாயில் தூண் ஆகியன காட்டுகின்றன. இச்சான்றுகள் அனைத்திலும் பொருள் தன் செயலோடோ கதையோடோ இணைந்தே நிற்கிறது. இன்றைய புறநகர் இல்லங்களில் இவ்விணைப்பு அறுபடும் நிலையில் உள்ளது. பொருள் எஞ்சியிருப்பதாலேயே பண்பாடு எஞ்சியிருப்பதாகக் கொள்ளுதல் பிழை. நிலமும் காலமும் மயங்கலாம். பொருளின் பெயரும் மூலமும் செயலும் மயங்காது நிற்கவேண்டும். கவிழ்ந்த மரக்காலை நிமிர்த்துவதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. அதன் பெயரைச் சொல்லக்கூடிய ஒருவர் அவ்வீட்டில் இருந்தால் போதும். அத்தகைய ஒருவரை ஒவ்வொரு வீட்டிலும் உருவாக்குவது தமிழ் பயில்வோரின் பணியாகும்.